நரேஷன் இல்லாத என்ட்ரி

பி.காம். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். ஜர்னல் என்ட்ரி போட்டால் அதற்குக் கீழே நரேஷன் எழுத வேண்டும். இந்தப் பணம் எதற்காக வந்தது, யாருக்குப் போனது என்று அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி. பற்று சரி, வரவு சரி, கூட்டலும் சரி, நரேஷன் மட்டும் இல்லை என்றால் மார்க் குறையும்.

"தொகைதான் சரியா இருக்கே மேடம், அப்புறம் எதுக்கு இது?" என்று வகுப்பில் ஒரு அதிகப்பிரசங்கி கேட்டான் (நான்தான்).

"அஞ்சு வருஷம் கழிச்சு இந்தக் கணக்கை வேற ஒருத்தர் பாக்கணும்ல? நீயே பாத்தாலும் உனக்கு ஞாபகம் இருக்காது" என்றார் மேடம்.

அரை மார்க் விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு என் கணினியில் 112 கேசட் அளவுக்குக் கர்நாடக சங்கீதக் கச்சேரி இருக்கிறது. ஒன்றுக்கும் நரேஷன் இல்லை. அப்படி ஆனதற்கு நானும் ஒரு காரணம். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பாட வராது. எங்கள் வீட்டில் பாட்டு என்றால் இளையராஜா. அப்பாவுக்கு மூடு நன்றாக இருந்தால் டி.எம்.எஸ். அவ்வளவுதான். ராகம் கண்டுபிடிக்கச் சொன்னால் பத்துக்கு மூன்று தேறும், அந்த மூன்றும் சினிமாப் பாட்டை வைத்துத்தான். "உனக்கென்ன தெரியும் என்று எழுத வந்தாய்?" என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். நான் எழுதப்போவது சங்கீதத்தைப் பற்றி அல்ல. சங்கீதத்தை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்தைப் பற்றி.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் தெருவுக்கே போஸ்ட் மாஸ்டர் தாத்தா. 2022இல் நான் கல்லூரி சேர்ந்த புதிதில் ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, உனக்கு கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமாமே, இந்தக் கேசட்டை எல்லாம் அதுல ஏத்த முடியுமா?" என்றார். ஒரு கேசட்டுக்கு 30 ரூபாய் என்று பேச்சு. மொத்தம் 112. மனக்கணக்குப் போட்டதும் 3,360 ரூபாய் என் கண் முன்னால் வந்து நின்றது. சரி என்றேன்.

எல்லாம் சி-90 கேசட்டுகள். ஒரு பக்கம் 45 நிமிஷம், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். பென் டிரைவில் காப்பி செய்வது மாதிரி இதைச் சட்டென்று செய்ய முடியாது. ஒன்றரை மணி நேரக் கேசட் ஒன்றரை மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். 112 கேசட்டுக்கு 168 மணி நேரம், அதாவது சரியாக ஏழு முழு நாள். கூலியை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் மணிக்கு 20 ரூபாய். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கும் முன்னால் ஒப்பந்தம் போட்டால் இப்படித்தான் :)

ஆனால் அந்த 168 மணி நேரத்தில் நான் கூட உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. டேப் சிக்கினால் நிறுத்த வேண்டும், பக்கம் முடிந்தால் திருப்ப வேண்டும். முதல் பத்துக் கேசட்டும் எனக்கு ஒரே இழுவை. தூக்கம் வந்தது. தாத்தா அதைப் பார்த்துவிட்டு ஒரு மதியம் சொன்னார்: "பாட்டைக் கேக்காதே. வயலினை மட்டும் கேளு. அவர் ஒண்ணு பாடறார். இவர் அதைத் திருப்பி வாசிக்கறார். எதை அப்படியே வாசிக்கறார், எதை விட்டுடறார், எங்கே தன்னோடதைச் சேக்கறார், அதை மட்டும் பாரு."

அன்றைக்குத்தான் எனக்குக் காது திறந்தது. இழுவையாக இருந்தது உரையாடல் ஆகிவிட்டது. ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் "ஆமாம், ஆனால்..." என்கிறார். அந்த "ஆனால்" எங்கே வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். தாத்தா சொன்னது அரை நிமிஷப் பேச்சுதான். அது இல்லாவிட்டால் மீதி 102 கேசட்டும் எனக்கு வெறும் கூலி வேலையாகவே முடிந்திருக்கும்.

இந்தக் கேசட்டுகள் அவரிடம் எப்படிச் சேர்ந்தன என்பது இன்னொரு கதை. பழைய கச்சேரிகள் ஸ்பூல் டேப்பில் யார் யாரிடமோ இருந்தன. கேசட் என்ற ஒன்றை பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்தது; அது நம் ஊர்களில் பரவிய பிறகு ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கும், அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கும் காப்பி எடுத்தார்கள். ஒவ்வொரு காப்பிக்கும் இரைச்சல் கொஞ்சம் கூடும். தாத்தாவுக்கு இப்படிக் கொடுத்து வாங்கும் கூட்டாளிகள் ஏழெட்டு ஊர்களில் இருந்தார்களாம். தபாலில் கேசட் போகும், வரும். (போஸ்ட் மாஸ்டர் அல்லவா, பார்சல் கட்டுவதில் மனிதர் கெட்டி.)

அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. கேசட்டை அனுப்பினால் கூடவே ஒரு கடிதம் வைக்க வேண்டும். எந்தக் கச்சேரி, எந்த வருஷம், பக்கவாத்தியம் யார், எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். கேட்டவர் பதில் போட வேண்டும். அதுவும் "பிரமாதம்" என்று ஒரு வரி எழுதினால் செல்லாது. என்ன கேட்டார், எங்கே பிடித்தது, எங்கே பிடிக்கவில்லை என்று எழுத வேண்டும். அந்தப் பதில் வந்தால்தான் அடுத்த கேசட் போகும்.

"ரசீது வந்தாத்தான் அடுத்த சரக்கு" என்று சிரிப்பார் தாத்தா. எனக்குத் தெரிந்து இவ்வளவு நல்ல கடன் கொள்கையை எந்த மேனேஜ்மெண்ட் புத்தகத்திலும் படித்ததில்லை.

இந்த விவரங்களை எல்லாம் அவர் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்திருந்தார். கேசட் உறையில் வெறும் எண்தான் இருக்கும், 1 முதல் 112 வரை. நோட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் எல்லாம் கிடைக்கும். "பைரவி ஆலாபனை, ஏழாவது நிமிஷம், தாரஸ்தாயி ஸட்ஜத்தில் நின்று வயலின் முடிக்கும்வரை காத்திருக்கிறார்" என்கிற மாதிரி. "சுருதி ஏறியிருக்கிறது, மோட்டார் கோளாறு" என்கிற மாதிரி. "டேப் திருப்பியதில் தனி ஆவர்த்தனத்தின் ஆரம்பம் போய்விட்டது, என் தப்பு" என்கிற மாதிரி. நம் பாஷையில் சொன்னால் கேசட்டுகள் பேரேடு, நோட்டு அதன் நரேஷன்.

"இந்த நோட்டையும் போட்டோ எடுத்து வச்சுக்கோடா" என்று இரண்டு முறை சொன்னார். "கேசட் முடியட்டும் தாத்தா, கடைசியா எடுத்துக்கலாம்" என்றேன். கேசட் முடிந்தபோது எனக்கு செமஸ்டர் பரீட்சை. பரீட்சை முடிந்தபோது வேறு ஏதோ. மொத்தம் தொண்ணூறு பக்கம் இருக்கும், போனில் எடுத்தால் இருபது நிமிஷ வேலை.

2023இல் தாத்தா தவறிப்போனார். வீட்டை வாடகைக்கு விடுவதற்காகக் காலி செய்தார்கள். நான் போய்க் கேட்டபோது கேசட் பெட்டியை மட்டும் எனக்காக எடுத்து வைத்திருந்தார்கள். "நோட்டா? பழைய நோட்டு, பேப்பர் எல்லாம் எடைக்குப் போட்டாச்சேப்பா." அவர்கள்மேல் தப்பில்லை. கேசட்டில் பாட்டு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நோட்டில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். இன்னொருவனுக்குப் பரீட்சை.

இப்போது என்னிடம் இருப்பது 012-ஏ, 012-பி என்று வரிசையாகப் பெயரிட்ட கோப்புகள். பாடகர் யார் என்று பெரும்பாலும் குரலை வைத்துச் சொல்லிவிடலாம். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. அதில் ஒரு கச்சேரி, பாடுவது மதுரை மணி ஐயர். அதை எனக்குப் பழக்கமான ஒரு ரசிகருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "விவரம் தெரியவில்லை" என்று எழுதித்தான் அனுப்பினேன். அவர் இன்னொருவருக்கு அனுப்பினார். சுற்றிச் சுற்றி மூன்று வாரத்தில் அது எனக்கே திரும்பி வந்தது, கூடவே ஒரு அலங்காரமான குறிப்புடன்: 1966ஆம் வருஷம், இன்ன சபா, மிருதங்கம் பழனி சுப்ரமணிய பிள்ளை.

எனக்கு முதலில் சந்தோஷம்தான். யாரோ கண்டுபிடித்துவிட்டார்களே! பிறகு ஒரு சந்தேகம் வந்து சரிபார்த்தேன். பழனி சுப்ரமணிய பிள்ளை காலமானது 1962இல். நான்கு வருஷம் கழித்து வந்து வாசித்திருக்க முடியாது. அப்படியென்றால் வருஷம் தப்பு, அல்லது மிருதங்கக்காரர் பெயர் தப்பு, அல்லது இரண்டுமே தப்பு. எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தப்பு என்று மட்டும் சொல்ல முடிந்தது. சொன்னேன். "தம்பி, இது நம்பகமான இடத்திலிருந்து வந்த தகவல்" என்று பதில் வந்தது. அந்த நம்பகமான இடத்துக்கு அனுப்பியவனே நான்தான் என்பதை எப்படி நிரூபிப்பது? என்னிடம் வவுச்சர் இல்லையே. வவுச்சர் எடைக்குப் போய்விட்டதே.

நரேஷன் எழுதாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது காலியாக இருக்காது, யாராவது எதையாவது எழுதி நிரப்பிவிடுவார்கள். ஒருமுறை நிரம்பிவிட்டால் அதுவே சரித்திரம்.

இதில் கெட்டிக்காரர்கள் யார் என்று பார்த்தால், முதன்முதலில் ரெக்கார்டு கொடுத்தவர்கள்தான். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடி கிராமபோன் கம்பெனி பதிவு செய்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் இடம். அந்த மூன்று நிமிஷத்துக்குள்ளும் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். ரெக்கார்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே லேபிள் ஒட்டுகிறவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? நரேஷனைப் பாட்டுக்குள்ளேயே எழுதிவிட்டார் அந்த அம்மாள். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது யார் பாட்டு என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வானொலியும் இதை ஒழுங்காகச் செய்தது. எங்கள் திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. கச்சேரி ஒலிபரப்பும்போது பாடுகிறவர், வயலின், மிருதங்கம், கடம் என்று அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்வார். இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் ரேடியோவிலிருந்து டேப்பில் பிடிக்கும்போது, அறிவிப்பு முடிந்த பிறகுதான் பொத்தானை அமுக்குவாராம் நம் தாத்தா, டேப் மிச்சம் பிடிக்க. "அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிச்சு நான் என்னடா பண்ணினேன்?" என்று பிற்காலத்தில் அவரே நொந்துகொண்டிருக்கிறார்.

சரி, விவரம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும், பாட்டு நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். என் நண்பன் ஒருவன் கேட்டான். அவனுக்கு மூன்று பதில் வைத்திருக்கிறேன்.

முதல் பதில், சுருதி. பதிவு செய்யும்போது டேப் ரெக்கார்டரின் மோட்டார் மெதுவாக ஓடியிருந்தால், பிறகு சரியான வேகத்தில் போடும்போது பாட்டு வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். சுமார் 6 சதவீதம் வேகம் கூடினாலே அரைக்கட்டை ஏறிவிடும். மூன்று மணி நேரக் கச்சேரி பத்து நிமிஷம் சுருங்கிவிடும். எம்.டி. ராமநாதன் மாதிரி ஒருவரை நினைத்துப் பாருங்கள். தாழ்ந்த சுருதி, நிதானமான காலம், இரண்டும்தான் அவர் வழி. வேகம் ஏறிய டேப்பில் இரண்டுமே அடிபட்டுவிடும். அதைக் கேட்கும் புது ரசிகன் "என்னப்பா, பெரிசா சொன்னீங்க" என்று போய்விடுவான். "மோட்டார் கோளாறு" என்ற இரண்டு வார்த்தைக் குறிப்பு ஒரு பாடகரின் மானத்தைக் காப்பாற்றும்.

இரண்டாவது பதில், பக்கவாத்தியம். பகிர்ந்துகொள்ளும் கோப்புகளில் பத்துக்கு எட்டில் பாடகர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் கூடவே உட்கார்ந்து, பாடகர் அந்த நிமிஷத்தில் யோசித்துப் பாடியதற்கு அந்த நிமிஷத்திலேயே பதில் வாசித்த வயலின்காரருக்குப் பெயர் இல்லை. தனி ஆவர்த்தனத்தில் சபையையே எழுப்பி உட்கார வைத்த மிருதங்கக்காரருக்குப் பெயர் இல்லை. கடமும் கஞ்சிராவும் கேட்கவே வேண்டாம். பின்னால் உட்கார்ந்து தம்பூரா போட்டவரைப் பற்றி வாயே திறக்காதீர்கள். மூன்று பேர் சம்பாதித்ததை ஒருவர் கணக்கில் வரவு வைத்தால் அதற்கு எங்கள் பாடத்தில் வேறு பெயர்.

மூன்றாவது பதிலுக்குக் கொஞ்சம் கடல் தாண்ட வேண்டும். நம் ஊர் ரசிகர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மேல்நாட்டுச் சங்கீத ரசிகர்களை எல்லாம் தலைகுனிய வைத்த கதை ஒன்று இருக்கிறது. ஜாய்ஸ் ஹாட்டோ என்று இங்கிலாந்தில் ஒரு பியானோ கலைஞர். 1970களுக்குப் பிறகு மேடை ஏறவில்லை. உடம்பு சரியில்லாமல் வீட்டோடு இருந்தவர் பெயரில் கடைசிக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் வந்தன. வெளியிட்டது அவர் கணவர். ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்து கொண்டாடினார்கள், விமர்சகர்களும் புகழ்ந்தார்கள். 2006இல் அவர் காலமானார். 2007 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற மேதையின் படைப்புகள் அடங்கிய ஹாட்டோ தகடு ஒன்றை ஒருவர் கணினியில் போட்டிருக்கிறார். ஐட்யூன்ஸ் மென்பொருள் அதில் வேறொருவர் பெயரைக் காட்டியது: லாஸ்லோ சிமோன். ஒலி அலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாக, எத்தனையோ பியானோக்காரர்களின் பதிவுகள் ஹாட்டோ பெயரில் வந்திருந்தது தெரிந்தது. கடைசியில் கணவரும் ஒப்புக்கொண்டார்.

இதை வைத்துப் பலர் ரசிகர்களைக் கிண்டல் செய்தார்கள். "பார்த்தீர்களா, பெயரைப் பார்த்துத்தான் ரசிக்கிறீர்கள், காதால் அல்ல" என்று. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அவர்கள் ரசித்த வாசிப்பு நிஜமாகவே நல்ல வாசிப்பு, காது ஏமாறவில்லை. லேபிள்தான் பொய். நோயோடு போராடிய ஒரு பெண்மணியின் சாதனை என்ற உருக்கமான கதையைக் கொடுத்ததும், யாரும் வவுச்சரைக் கேட்கவில்லை. நிஜமாக வாசித்தவர்களுக்கு வர வேண்டிய பாராட்டு இன்னொருவர் கணக்குக்குப் போய்விட்டது. என் மணி ஐயர் கோப்புக்கு நடந்ததும் சின்ன அளவில் இதுதான். இங்கே யாரும் மோசடி செய்யவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். நல்ல மனசோடு "எனக்குத் தெரிந்தவரை" என்று எழுதுகிறோம். அடுத்தவர் அனுப்பும்போது "எனக்குத் தெரிந்தவரை" விழுந்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சிலர் விவரம் மட்டுமே பேசுகிறார்கள். என்னிடம் இத்தனை ஜிபி இருக்கிறது, உன்னிடம் இந்தத் தேதிக் கச்சேரி இருக்கிறதா, இல்லையா, ஐயோ பாவம். இது ஸ்டாக் எடுப்பது. கேட்டார்களா என்று கேட்டால் பதில் வராது. நானும் அந்த ஜாதிதான். 112 கேசட் தவிர, அங்கே இங்கே வாங்கிச் சேர்த்தது 200 ஜிபிக்கு மேல் இருக்கிறது. அதில் முழுசாகக் கேட்டது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். தாத்தா ஒரு கேசட்டை நாற்பது ஐம்பது முறை கேட்டிருப்பார். யார் பணக்காரர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் "ஆஹா" கோஷ்டி. யாராவது ஒரு பதிவை அனுப்பினால் ஐந்தே நிமிஷத்தில் "தெய்வீகம்", "கண்ணீர் வந்துவிட்டது", நாலு கும்பிடு. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு ஐந்து நிமிஷத்தில் கண்ணீர் வருவது எப்படி என்று எனக்குப் புரிவதில்லை. கூடவே "இனிமேல் இப்படிப் பாட யார் இருக்கிறார்கள்" என்று ஒரு பெருமூச்சு. யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒருமுறை சபா பக்கம் போய்ப் பார்க்கலாமே. பழசை ரசிப்பதற்கு இன்றைக்குப் பாடுகிறவர்களை மட்டம் தட்ட வேண்டியதில்லை. தாத்தா கூட்டத்தில் இந்த மாதிரிப் பதில் எழுதினால் அடுத்த கேசட் கிடைத்திருக்காது.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது, பிசினஸ் லா ஒரு பேப்பர் படித்திருக்கிறேன். சபையில் யாரோ டேப் வைத்துப் பிடித்த கச்சேரிக்குக் கலைஞரிடம் அனுமதி கேட்டிருப்பார்களா என்பது சந்தேகமே. நம் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் மேடைக் கலைஞர்களுக்கென்று தனி உரிமை வந்ததே 1994 திருத்தத்தில்தான். முதலில் 25 ஆண்டு என்று வைத்து, 1999இல் அதை 50 ஆக்கினார்கள். என் கட்சி எளிமையானது. கடையில் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கிடைக்காத பழைய டேப்பை யாரும் காசுக்கு விற்கக் கூடாது. குடும்பத்தார் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். இதில் என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் போடலாம். ஆனால் குறைந்தபட்சம் அந்தக் கலைஞர் பெயரைச் சரியாகச் சொல்வது, அவருக்கு நாம் செலுத்த வேண்டிய பாக்கியில் முதல் தவணை. அதற்குக் காசே செலவில்லை.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பதிவை அனுப்பும்போது நான்கு வரி எழுதுங்கள். யார் யார், எல்லோர் பெயரும். எங்கே, எப்போது. இந்தத் தகவல் உங்களுக்கு எப்படித் தெரியும். தெரியாவிட்டால் "தெரியாது" என்ற அந்த வார்த்தையையே எழுதுங்கள், கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள், அப்போதுதான் விழாமல் கூடவே போகும். கடைசியாக, எங்கே கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு இடம். எத்தனையாவது நிமிஷம், அங்கே என்ன நடக்கிறது. வர்ணனை வேண்டாம். "இங்கே வயலின் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்" என்றால் போதும். என்னை மாதிரி ஒரு பூஜ்யம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். வாங்கிக்கொண்டவர் பதிலுக்கு ரசீது போட வேண்டும், கும்பிடு இல்லை, ரசீது.

நான் ஆரம்பித்துவிட்டேன். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி 1 முதல் 112 வரை எண் போட்டிருக்கிறேன். ஒரு கேசட்டை முழுசாகக் கேட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தில் எழுதுவது என்று விதி. இதுவரை 41 பக்கம் ஆகியிருக்கிறது. அதில் "மிருதங்கம்: தெரியாது" என்று எழுதிய பக்கங்கள் 26. எழுதும்போது ஒவ்வொரு முறையும் அந்த இருபது நிமிஷம் ஞாபகம் வரும்.

போனில் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றைக்கே போட்டோ எடுத்துவிடுகிறேன்.

பின்குறிப்பு: உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால், அதைக் கணினியில் ஏற்றுவதற்கு முன்னால், அதை வைத்திருந்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கேசட் இன்னும் பத்து வருஷம் தாங்கினாலும் தாங்கும்.